முதல் பக்கம் ஓட்டம், மறுபக்கம் இழுவை: பிளாக் ஃபிளாக்கின் 'மை வார்'

பிளாக் ஃபிளாக் என்ற அமெரிக்க பங்க் பேண்டின் 'மை வார்' ஆல்பம். முதலில் வாங்கிய ரெக்கார்டு அப்பளமாக வளைந்து வந்து சேர்ந்தது. ஜூலை மாதத்து வெயில். பார்சல் கொண்டுவந்தவர் அதை கேரேஜ் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் நாலைந்து மணி நேரம் அங்கேயே வெந்திருக்கிறது. டர்ன்டேபிளில் வைத்தால் ஊசி அலையில் படகு மாதிரி ஏறி இறங்கியது. தொழில்புத்தி சும்மா இருக்குமா? டயல் கேஜை வைத்துப் பார்த்தேன்: விளிம்பில் 3 மில்லிமீட்டர் ஆட்டம். எங்கள் ஷாப்பில் ஒரு பீஸ் அப்படி ஆடினால், லேத்தில் அதைப் பிடித்திருக்கிற சக்கிலிருந்து கழற்றி ஸ்கிராப்பில் போட்டுவிடுவோம். போட்டோ எடுத்து விற்ற கடைக்கு அனுப்பினேன். அனுப்பும்போது நேராகத்தான் இருந்தது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதற்குமேல் மல்லுக்கட்ட எனக்கும் தெம்பில்லை.

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் 17 வயதில் பிசிறு கூட்டிப் பெருக்க ஆரம்பித்தவன் நான். இப்போது லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே கார்டினாவில், விமான உதிரிபாகம் செய்யும் ஷாப் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறேன். வீட்டில் இளையராஜாவும் டி.எம்.எஸ்ஸும்தான் ஓடும். இந்த மாதிரிச் சத்தமெல்லாம் என் காதில் விழுந்தது பக்கத்து மெஷின்காரரால். இதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். சாப்பாட்டு நேரத்தில் இந்த ஒரு பேண்டைப் பற்றியே பேசுவார். செப்டம்பரில் அவர் ரிடையர் ஆன அன்றைக்கு, டூல் பாக்ஸைக் காலி செய்துகொண்டே, "உன் அப்பளம் என்ன ஆச்சு?" என்றார். அப்பளம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சாயங்காலம் கார் டிக்கியைத் திறந்து, 1984இல் வாங்கிய தன்னுடைய காப்பியையே எடுத்து நீட்டினார். கூடவே ஒரு நிபந்தனை.

"முதல் தடவை முதல் பக்கத்திலிருந்தே கேள். நேரா ரெண்டாவது பக்கத்தைப் போட்டா உனக்குப் புரியாது. நாங்க அன்னைக்கு ஏமாந்த மாதிரி நீயும் ஏமாறணும்."

ஏமாந்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

பிளாக் ஃபிளாக் ஹெர்மோசா பீச்காரர்கள். எங்கள் ஷாப்பிலிருந்து டிராஃபிக் இல்லாத நேரத்தில் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மணலில் வரிசையாக வாலிபால் வலை, பின்னால் கோடிக்கணக்கில் விலை போகும் வீடுகள். இந்த ஊரிலிருந்தா இந்தச் சத்தம் என்று தோன்றும். கிட்டாரிஸ்ட் கிரெக் கின் சின்னப் பையனாக இருந்தபோதே ஹாம் ரேடியோக்காரர்களுக்கு ஆன்டெனா ட்யூனர் செய்து விற்றவர். அந்தக் குட்டிக் கம்பெனிக்குச் சாலிட் ஸ்டேட் ட்யூனர்ஸ் என்று பெயர், சுருக்கினால் எஸ்எஸ்டி. பிற்பாடு ரெக்கார்டு கம்பெனி தொடங்கியபோதும் அதே மூன்று எழுத்தைத்தான் வைத்துக்கொண்டார். இந்த ஆளை எனக்கு உடனே பிடித்துப்போனதற்கு அது போதும். சால்டரிங் அயர்ன் பிடித்த கை.

1981இல் அவர்களுடைய முதல் ஆல்பம் 'டேமேஜ்டு'. அதை யூனிகார்ன் என்ற கம்பெனியோடு சேர்ந்து வெளியிடப் போனதில்தான் வினை வந்தது. கடைகளுக்குக் கொண்டுபோக வேண்டிய எம்சிஏ என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியின் பெரிய மனிதர், இது பெற்றோருக்கு எதிரான ரெக்கார்டு என்று கையை விரித்துவிட்டார். அப்புறம் யூனிகார்னோடு பணத் தகராறு, கோர்ட், கேஸ். கேஸ் முடியும்வரை பிளாக் ஃபிளாக் என்ற பெயரில் எதுவும் வெளியிடக் கூடாது. பழைய பதிவுகளைச் சேர்த்து, அட்டையில் பேண்டின் பெயரே போடாமல் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். கோர்ட் அவமதிப்பு என்று கின்னும் பேஸ் கிட்டார் வாசித்த சக் டுகோவ்ஸ்கியும் 1983இல் 5 நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார்கள். (லேத்காரனுக்கு சக் என்ற பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும், மன்னியுங்கள்.) கடைசியில் யூனிகார்ன் திவாலாகி, கதவு திறந்தது. அந்த டிசம்பரில் ரெடோண்டோ பீச்சில் டோட்டல் ஆக்சஸ் என்ற ஸ்டுடியோவில் பதிவு செய்ததுதான் 'மை வார்'. 1984 மார்ச்சில் வெளிவந்தது.

இதற்குள் ஆட்கள் கழன்றுவிட்டார்கள். டுகோவ்ஸ்கி வெளியே. ஆனாலும் தலைப்புப் பாட்டும் 'ஐ லவ் யூ'வும் அவர் எழுதியவைதான். மிஞ்சியது மூன்று பேர்: கின், பாடகர் ஹென்றி ராலின்ஸ், டிரம்ஸில் டிசென்டென்ட்ஸ் என்ற பேண்டிலிருந்து வந்த பில் ஸ்டீவன்சன். பேஸ் வாசிக்க ஆளில்லை. அட்டையைப் பார்த்தால் பேஸுக்கு நேராக டேல் நிக்சன் என்று ஒரு பெயர் இருக்கும். அப்படி ஒரு ஆளே கிடையாது. கின்தான் கிட்டார் வாசித்தது போக பேஸையும் வாசித்துவிட்டு, கற்பனைப் பெயரைப் போட்டுவிட்டார். ஆள் வராத நாளில் பட்டறை முதலாளியே டிரில்லிங் மெஷினில் நிற்பார், ஆனால் பில்லில் நாலு ஆள் கூலி இருக்கும். அந்தக் கதைதான்.

முதல் பக்கத்தில் ஆறு பாட்டு. தலைப்புப் பாட்டு எடுத்த எடுப்பில் கழுத்தைப் பிடிக்கிறது. கூடவே இருக்கிறவன், சிநேகிதன் என்கிறவன், அவனும் எதிராளிப் பக்கத்து ஆள்தானோ என்ற சந்தேகம்தான் பாட்டு முழுக்க. ராலின்ஸ் அதைப் பாடவில்லை, சண்டையில் கத்துகிற மாதிரி கத்துகிறார். தலைநகர் வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடையில் மேனேஜராக இருந்துவிட்டு 1981இல் இந்த பேண்டில் பாட வந்த மனிதர் அவர். அந்தக் கடைக்கு வந்து போனவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 'கான்ட் டிசைட்' ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடும், நடுவில் கொஞ்சம் தளர்ச்சி. 'ஐ லவ் யூ' பெயரைக் கேட்டு யாரும் மனைவிக்குப் போட்டுக் காட்டிவிட வேண்டாம். நான் போட்டேன். மற்ற மூன்றும் வேகமாக வந்து வேகமாகப் போகின்றன. 'தி ஸ்விங்கிங் மேன்' மட்டும் கோணல்மாணலாக இழுத்து, அடுத்த பக்கத்துக்குக் கண்ணைக் காட்டுகிறது.

வேகமும் கத்தலுமான நல்ல ஹார்ட்கோர் பங்க்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்துக்காக மட்டும் ரெக்கார்டை வாங்க வேண்டாம். வேகம் வேண்டும் என்றால் 'டேமேஜ்டு' இருக்கிறது.

திருப்பிப் போடுங்கள்.

முதல் முறை நான் திருப்பிப் போட்டபோது மெஷின் ரிப்பேர் என்றே நினைத்தேன். டர்ன்டேபிளின் ரப்பர் பெல்ட் வழுக்குகிறது, வேகம் விழுந்துவிட்டது என்று. பையனும் எட்டிப் பார்த்து, "அப்பா, இது 45ல வைக்கறதோ என்னமோ?" என்றான். ஷாப்பிலிருந்து டேக்கோமீட்டரைக் கொண்டுவந்து தட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அளந்தேன். நிமிஷத்துக்கு 33.3 சுற்று, எல்பிக்கு உரிய வேகம். மெஷின் சரி. பாட்டே அப்படித்தான்.

'நத்திங் லெஃப்ட் இன்சைட்', 'த்ரீ நைட்ஸ்', 'ஸ்க்ரீம்'. மொத்தமே மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் 6 நிமிஷத்துக்கு மேல். வேகத்துக்காகவே பேர் வாங்கிய பேண்ட், அந்த வேகத்துக்காகவே கூட்டம் சேர்ந்த பேண்ட், திடீரென்று செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பிக்கிறது. ஸ்டீவன்சன் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருக்கிறார். காத்திருக்கிறார். நம் கால் தானாக முந்திக்கொண்டு தரையைத் தட்டிவிடும், அவர் இன்னும் வந்திருக்க மாட்டார். அந்த இடைவெளியில் கிட்டார் ஒலி அடங்காமல் உறுமிக்கொண்டே கிடக்கிறது. ராலின்ஸுக்கோ ஒளிய இடமில்லை. வேகமான பாட்டில் வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிவிடும், கேட்கிறவனுக்கும் தப்பிக்க வழி இருக்கும். இங்கே ஒவ்வொரு வார்த்தையும் தனியாக வந்து நம் முன்னால் நிற்கிறது.

இந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. லேத்தில் சின்ன விட்டத்து ராடை வேகமாக ஓட்டினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சீரான சத்தம், சுருள் சுருளாகப் பிசிறு வரும், பக்கத்தில் நின்று டீ குடிக்கலாம். அதுவே பெரிய விட்டத்துக் காஸ்டிங்கைக் கட்டி, ஆர்பிஎம்மைக் குறைத்து, ஆழமாக ஒரு கட் வைத்தால் மோட்டார் அடிவயிற்றிலிருந்து முனகும். வெட்டு வந்துபோகிற இடங்களில் 'தங்... தங்...' என்று விட்டு விட்டு அடி விழும், தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறும். யாரும் டீ குடிக்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் டூல் மேலேயே இருக்கும். 'த்ரீ நைட்ஸ்' அந்தக் கட். செருப்பில் ஒட்டிய அசிங்கத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருக்கிறவன் மாதிரி தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார் ராலின்ஸ், கின்னின் கிட்டாரும் அதே தேய்ப்பைத் தேய்க்கிறது. தேய்த்தும் போகவில்லை என்பதுதான் பாட்டு.

மூன்றில் எனக்கு 'நத்திங் லெஃப்ட் இன்சைட்' ஒரு படி மேல். உள்ளே ஒன்றுமில்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொல்கிற பாட்டு. அழுகையும் கோபமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சியாட்டில் மட்ஹனி பேண்டின் மார்க் ஆர்ம், இளைஞராக இருந்தபோது இந்தப் பாட்டை மேடையில் கேட்டு அழுததாகச் சொல்லியிருக்கிறார். நம்புகிறேன். நான் அழவில்லை. ஆனால் முடிந்த பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

'ஸ்க்ரீம்' பெயருக்கு ஏற்ற பாட்டு. கடைசியில் வார்த்தை தீர்ந்துபோய் வெறும் அலறல்தான் மிஞ்சுகிறது. முதல் நாள் அது ஓடும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது: "ஏனுங்க, அந்தாளுக்கு யாராச்சும் தண்ணி குடுங்க."

இப்படி மெதுவாக, கனமாக வாசிப்பது இவர்கள் கண்டுபிடித்தது இல்லை. அதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் போக வேண்டும், பிளாக் சபாத் என்ற பேண்டிடம். அதன் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் ஷீட் மெட்டல் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது, வேலையை விட்டு நிற்கப்போன கடைசி நாளில், பிரஸ் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். விரல் தாங்குவதற்காக மெல்லிய கம்பி போட்டார், பிற்பாடு ட்யூனிங்கையும் தளர்த்தினார். அந்தத் தளர்ந்த கம்பியின் கனத்திலிருந்துதான் இந்த வம்சம் முழுக்க வருகிறது. கணபதியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கும் ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. மைக்ரோமீட்டரை நடுவிரலால் திருகுவார், எங்களைவிடச் சரியாகப் பிடிப்பார். அயோமி கதையைப் படித்தபோது அவர் கைதான் கண்முன் வந்தது.

பிளாக் ஃபிளாக் செய்தது என்னவென்றால், அந்த சபாத் கனத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்த பேய், பிசாசு, சிலுவை எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். பங்க்கின் எரிச்சலை அதில் ஏற்றினார்கள். இந்தக் கலவைக்குத்தான் பின்னாளில் ஸ்லட்ஜ் மெட்டல் என்று பெயர் வந்தது. ஸ்லட்ஜ் என்றால் எங்கள் ஷாப்பில் கூலன்ட் டாங்கியின் அடியில் தங்குகிற சகதி. மாதம் ஒரு தடவை அள்ளிக் கொட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயர் வைத்தவனுக்கு நல்ல காது.

அன்றைக்கு இது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ரெக்கார்டு கொடுத்த சிநேகிதர் 1984இல் இவர்களை மேடையில் பார்த்தவர். ராலின்ஸ் முடி வளர்த்துக்கொண்டு வந்து நின்றாராம். பங்க் என்றால் மொட்டை, முடி வளர்த்தால் ஹிப்பி என்று இருந்த காலம். மெதுவான பாட்டு ஆரம்பித்ததும் முன்வரிசைப் பையன்கள் எச்சில் துப்பினார்களாம். "நீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த மெஷின் பாகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும்தான்," என்றார். "ரெண்டு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள அந்த டூர் முடிஞ்சுபோச்சு."

பிடித்தவர்களுக்கு வேறு மாதிரி வேலை செய்தது. வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டும் ஊர்களிலிருந்து வந்த மெல்வின்ஸ் பேண்ட், வேகமாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு இந்த இழுவைக்கு வந்தார்கள். 1987இல் வந்த அவர்களுடைய 'குளூயி போர்ச் ட்ரீட்மென்ட்ஸ்' கேட்டால் ரெண்டாவது பக்கத்தின் பிள்ளை என்று முகஜாடையிலேயே தெரியும். அந்தப் பக்கத்துப் பையன், நிர்வாணா பேண்டின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் 'மை வாரை'ச் சேர்த்திருந்தார். நியூ ஆர்லியன்ஸில் 1988இல் தொடங்கிய ஐஹேட்காட் பேண்ட்காரர்கள் இந்தச் சகதியில் இன்னும் ஆழமாக இறங்கினார்கள். அவர்களுடைய 1993 ஆல்பம் 'டேக் ஆஸ் நீடட் ஃபார் பெய்ன்' என்னிடம் இருக்கிறது, வீட்டில் போட அனுமதி இல்லை. டேல் நிக்சனும் சாகவில்லை. 1992இல் மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்ன் போட்ட தனி ரெக்கார்டில் நிர்வாணாவின் டிரம்மர் டேவ் குரோல் வாசித்தது அந்தப் பெயரில்தான். இல்லாத ஆளுக்கு இவ்வளவு வேலை.

குறைகளுக்கு வருகிறேன். பேஸ் உதைக்கிறது. ஒரே ஆள் தனித்தனியாக இரண்டையும் வாசித்துச் சேர்த்ததாலோ என்னவோ, பேஸுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. பேரிங்கில் லூஸ் இருக்கிற மாதிரி கேட்கும். ரெண்டாவது பக்கத்தில் அந்த ஆட்டமே பாட்டுக்கு உதவுகிறது, முதல் பக்கத்தில் உறுத்துகிறது. டிரம்ஸ் பதிவு வறட்டு வறட்டு என்று இருக்கும், இன்றைய மெட்டல் ஆல்பங்களின் இடிமுழக்கத்தை எதிர்பார்த்தால் தகர டப்பா என்பீர்கள். ஸ்பாட் என்ற சவுண்ட் இன்ஜினியர், கின், ஸ்டீவன்சன் மூவரும் சேர்ந்து தயாரித்தது. ஸ்பாட் 2023இல் காலமானார். அவர் பதிவுகளில் எதையும் மெழுகி மறைத்திருக்காது, அறையில் என்ன கேட்டதோ அதுதான். எனக்கு அது பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கின்னின் சோலோக்கள் ஸ்வரத்துக்கு வெளியே வழுக்கிக்கொண்டு போகும். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் உடம்பு கொண்ட டான் ஆம்ஸ்ட்ராங் கிட்டார் அவருடையது. கண்ணாடி மாதிரி இருக்கிற கிட்டாரிலிருந்து கலங்கல் தண்ணீராக வருகிறது சத்தம். பத்துத் தடவை கேட்ட பிறகு அதுவும் வேண்டியிருக்கிறது.

அட்டைப்படம் கின்னின் தம்பி ரேமண்ட் பெட்டிபான் வரைந்தது. சிரிக்கிற ஒரு கைப்பொம்மை, கூடவே ஒரு கத்தி. பேண்டின் நாலு கறுப்புப் பட்டைச் சின்னமும் அவர் கைவண்ணம்தான். வரவேற்பறையில் இந்த அட்டையை வைக்காதீர்கள். விருந்தாளி வந்தால் விளக்கம் சொல்லி மாளாது.

வாங்குகிறவர்கள் எல்பியாகவே வாங்குங்கள். சிடியிலும் போனிலும் ஆறாவது பாட்டு முடிந்த கையோடு ஏழாவது வந்து நிற்கும். நடுவில் எழுந்துபோய், ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, தூசி ஊதி, மறுபடி வைக்கிற அந்த அரை நிமிஷம் கிடைக்காது. அந்த அரை நிமிஷம் அமைதியாக இருந்தால்தான் அடுத்த பக்கம் வந்து மோதும். பழைய காப்பி கிடைத்தால் ரெண்டாவது பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதல் பக்கம் வெளுத்து, ரெண்டாவது பக்கம் பளபளவென்று இருந்தால் முன்னால் வைத்திருந்தவர் திருப்பிப் போடவே இல்லை என்று அர்த்தம். எனக்குக் கிடைத்த காப்பியில் இரண்டுமே தேய்ந்திருக்கின்றன, ரெண்டாவது கொஞ்சம் கூடுதலாக.

அந்த அப்பளம் இன்னும் கேரேஜில்தான் இருக்கிறது. வளைவு விளிம்பில்தான் அதிகம், உள்ளே போகப் போகத் தட்டையாகிவிடும். ஊசியை நடுவுக்குக் கிட்டே கொண்டுபோய் வைத்தால் 'ஸ்க்ரீம்' மட்டும் ஆட்டமில்லாமல் ஓடுகிறது. உள்வட்டத்தில் எந்த ரெக்கார்டும் கொஞ்சம் கரகரக்கும், இந்தப் பாட்டுக்கு அது நஷ்டமில்லை. பழைய டர்ன்டேபிள் ஒன்றை அங்கே மாட்டி வைத்திருக்கிறேன். ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிற நாளில் கதவை இறக்கிவிட்டு அந்த ஒரு பாட்டை மட்டும் போடுவேன். சமையலறை ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும்.